லீஸா, ட்ரீட்டியா?



மேகமலையிலிருந்து கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப்பசேல் என்று தெரியும். அது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காப்பாற்றியதில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

நாம் ஒப்பந்தம் என்று பொதுவாகச் சொல்வதில் ஆங்கிலத்தில் வகைகள் உண்டு. லீஸ் என்றால் குத்தகை. நிலம் ஒருவருக்குச் சொந்தம், வாடகை கொடுத்து அனுபவிப்பவர் இன்னொருவர். ட்ரீட்டி என்பது இரண்டு அரசுகள் செய்துகொள்ளும் அரசியல் உடன்படிக்கை.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் எழுதிக்கொண்டது லீஸ். சுமார் 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். அணை 1895-இல் முடிந்தது. 1970-இல் வாடகை 30 ரூபாய் ஆனது.

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது, ஆங்கில அரசு சமஸ்தானங்களோடு செய்திருந்த அரசியல் உடன்படிக்கைகள் காலாவதியாயின. அதோடு 1886 பத்திரமும் போய்விட்டது என்று கேரளம் வாதாடியது. அது ஏற்கப்பட்டிருந்தால் நம் உரிமையின் அடிப்படையே ஆட்டம் கண்டிருக்கும்.

அது அரசியல் உடன்படிக்கை அல்ல, குத்தகைதான்; இன்றும் செல்லும் என்று 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 142 அடி வரை நீர் தேக்கவும் அனுமதித்தது.

பிள்ளைகளே, தோட்டத்துக்கோ கடைக்கோ பத்திரம் எழுதும்போது லீஸா, லைசென்ஸா என்று பாருங்கள். லைசென்ஸ் வெறும் அனுமதிதான். இடத்தின் மீது உரிமை தருவது லீஸ். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.