கண் பறிக்கப்பட்டவர்களும் வம்சாவளியும்: இடைக்கால கொனாக்டில் அரசுரிமை

1608ல் டப்ளினில் ஆங்கில நீதிபதிகள் ஒரு ஐரிஷ் வழக்கத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். சட்ட வரலாற்றில் இதற்கு 'தானிஸ்ட்ரி வழக்கு' என்று பெயர். ஒரு தலைவன் செத்தால் அவனுடைய பதவியும் அதோடு ஒட்டிய நிலமும் மகனுக்குப் போகாமல், அதே ரத்தத்தைச் சேர்ந்த ஆண்களில் 'மூத்தவனும் தகுதியானவனும்' ஆனவனுக்குப் போகும் - இதுதான் அந்த வழக்கம். யார் தகுதியானவன் என்று யார் சொல்வது? இது நிச்சயமற்றது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது, ஆகவே சட்டமே அல்ல என்றது நீதிமன்றம். அயர்லாந்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜான் டேவிஸ் 1615ல் இதைத் தன் வழக்குத் தொகுப்பில் அச்சிட்டார். வழக்கம் செல்லாது என்றால் அந்த வழக்கப்படி வைத்திருந்த நிலமும் செல்லாது. கதை அவ்வளவுதான்.

மூன்று நூற்றாண்டு கழித்து இதற்குப் பதில் வருகிறது. ஓயின் மக்நீல் வரலாற்றாசிரியர், ஐரிஷ் தொண்டர் படையின் தலைவராகவும் இருந்தவர். 1919ல் அவர் எழுதிய கட்டுரையில் ஐரிஷ் அரசுரிமைக்கு ஒரு கறாரான விதியைக் கண்டெடுத்தார். அப்பன், பாட்டன், முப்பாட்டன் இந்த மூவரில் ஒருவர் அரசராக இருந்திருந்தால் நீ தகுதியுடையவன்; நான்கு தலைமுறை கொண்ட உறவுக்குழுவுக்குள் தேர்வு நடக்கும். ஆங்கிலேயன் 'உன்னிடம் சட்டம் இல்லை' என்றான், இவர் 'இருக்கிறது, பார்' என்று எடுத்துக் காட்டுகிறார். காலனியத்துக்கு ஆட்பட்ட அறிவுஜீவியின் இந்தப் பதற்றம் நமக்கு அந்நியமல்ல. இதை இன்னும் நீட்டி, ஐரிஷ்காரர்கள் மன்னனை 'தேர்ந்தெடுத்தார்கள்', ஆகவே அது ஒருவகை ஜனநாயகம் என்று பேசுகிறவர்களும் உண்டு.

1971ல் டொனகா ஓ கொரான் இந்த விதியைப் போட்டு உடைத்தார். பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விதி தெரியவில்லை, பலம்தான் தெரிகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது என்றும் படுகிறது. பலம் ஜெயித்தது சரி. ஜெயித்த பிறகு அதை நியாயமாக மாற்றிய எழுத்து எங்கே, எப்படி வேலை செய்தது? இதைப் பார்க்க கொனாக்ட் அரசு தோதான இடம்.

அதற்கு முன் ஒரு சிறு விலகல். ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளைப் பதிப்பித்த முக்கியமான அறிஞர்களில் ஒருவர் விட்லி ஸ்டோக்ஸ். 1862ல் இந்தியாவுக்கு வந்த வக்கீல் இவர். 1865ல் சென்னையில் 'இந்து சட்ட நூல்கள்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். உள்ளே இருப்பது தாயபாகம், மிதாட்சரம் - அதாவது சொத்து யாருக்குப் போகும் என்கிற சமாச்சாரம். அயர்லாந்தில் பிறந்த ஒருவர் இங்கே உட்கார்ந்துகொண்டு நமக்குப் பங்குச் சட்டம் பதிப்பித்திருக்கிறார். வழக்கங்களைத் தொகுத்து, வகைப்படுத்தி, விதியாக உறைய வைக்கிற வேலை இரண்டு காலனிகளிலும் நடந்தது என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கொனாக்டுக்கு வருவோம். அயர்லாந்தின் மேற்கு மாகாணம். ஓ கானர் வம்சத்தின் டர்லா 1106 முதல் 1156 வரை ஆண்டான். ஆறு மனைவிகளாவது இருந்தார்கள், இருபது பிள்ளைகளுக்கு மேல். ஐரிஷ் சட்டத்தில் எந்த மனைவியின் மகன் என்பது பெரிய தடை இல்லை. தகப்பன் ஏற்றுக்கொண்டால் போதும். தகுதியுடையவனுக்கு 'ரீதம்னா' என்று பெயர். 'அரசனாக ஆக்கக்கூடிய மூலப்பொருள்' என்று விரிக்கலாம். அப்பன் சாகும்போது மூலப்பொருள் ஏகப்பட்டது கையிருப்பில் இருக்கும். பிரச்சினை அங்கேதான்.

டர்லா இறந்த 1156லேயே மகன் ரோரி தன் சகோதரர்களைப் பிடித்துவைத்தான். அவர்களில் ப்ரையன் என்பவனின் கண்களைப் பறித்தான். ஏன் கொல்லவில்லை? ஊனமுள்ள உடல் அரசாள முடியாது என்பது அங்கே பழைய நம்பிக்கை. கையை இழந்ததால் அரசையும் இழந்த நுவாது என்கிற தொன்மத் தலைவனின் கதை உண்டு. கண்ணைப் பறித்தால் ஆள் உயிரோடிருப்பான், 'தகுதி' மட்டும் செத்துவிடும். தகுதி என்பது ஏதோ குணநலன் சார்ந்த விஷயம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது உடம்பில் எழுதப்பட்டது, உடம்பிலேயே அழிக்கப்பட்டது. 1177ல் அதே ரோரி தன் சொந்த மகன் முர்ஹாவின் கண்களையும் பறித்தான். ஆங்கிலோ-நார்மன் படையைக் கொனாக்டுக்குள் கூட்டிவந்தான் என்பது குற்றம். ரோரி 1198ல் காங் மடத்தில் ஒதுங்கியபடியே இறந்தான். அதற்கு முன்பே, 1189ல், அவனுடைய இன்னொரு மகன் கானர் கொலையாகி, ரோரியின் பேரனுக்கும் தம்பி செங்கை காஹலுக்கும் சண்டை மூண்டிருந்தது. 1202ல் பேரன் கொல்லப்பட, காஹலே நிலைத்தான்.

காஹல் சூட்சுமக்காரன். பிள்ளைகள், மருமக்கள், ஒன்றுவிட்டவர்கள் என்று போகிற இந்த வட்டத்தை உடைத்து மகன் ஏத்துக்கு மட்டும் அரசைக் கொடுக்க நினைத்தான். அதற்கு அவன் நம்பியது எதிரியின் சட்டத்தை. 1215ல் ஜான் மன்னனிடம் 5000 மார்க் தருவதாகச் சொல்லி கொனாக்டுக்குப் பட்டயம் வாங்கினான். பிறகு மூன்றாம் ஹென்றிக்குக் கடிதம் எழுதி மகன் பெயருக்கும் பட்டயம் கேட்டான். தானிஸ்ட்ரியை 1608ல் ஆங்கிலேயர்கள் ஒழித்தார்கள் என்கிறோமே, அதை ஒழிக்க ஆசைப்பட்ட ஐரிஷ் மன்னன் நானூறு வருஷத்துக்கு முன்பே இருந்தான். ஆனால் அதே 1215ல் அதே கொனாக்டுக்கு இன்னொரு பட்டயம் ரிச்சர்ட் டி பர்க் என்கிற பிரபுவுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள!

1224ல் காஹல் இறந்தான். ஏத் பட்டத்துக்கு வந்தான். மறு வருஷமே ரோரியின் மகன்கள் கிளம்பினார்கள். அவர்களைக் கூப்பிட்டவன் நிலம் பறிக்கப்பட்டதால் கோபத்திலிருந்த ஒரு குறுநிலத் தலைவன். வடக்கிலிருந்து ஓ நீல் வந்து ரோரியின் மகன் ஒருவனுக்குப் பட்டம் கட்டினான். ஏத் அத்லோனுக்கு ஓடி ஆங்கிலப் படையை அழைத்துவந்தான். மூன்று படைகள் ஒரே நிலத்தில்.

இந்த வருஷத்து ஆண்டுக்குறிப்பு வழக்கத்தைவிட நீளமானது. தப்பி ஓடிய ஜனங்கள் ஏரியில் மூழ்கியதையும், மீன் பிடிக்கப் போட்டிருந்த பறிகளில் செத்த குழந்தைகள் நிறைந்திருந்ததையும் எழுதிய கை சொல்கிறது. பின்னால் பஞ்சம், காய்ச்சல். போன வருஷப் பயிரை மறு வருஷம் பிப்ரவரியில், பக்கத்திலேயே உழவு நடந்துகொண்டிருக்கும்போது அறுத்தார்கள். 'தகுதியானவனைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகம்' என்று பேசுகிறவர்கள் அந்தப் பறிகளுக்குள் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் குழந்தைகளின் பெயர் எந்த வம்சாவளியிலும் கிடையாது. ஓ கானர்களின் பெயர்களோ அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆதாம் வரைக்கும் போகின்றன.

1233ல் காஹலின் இன்னொரு மகன் ஃபெலிம், அரசராக இருந்த ரோரியின் மகனைக் கொன்றான் (இவன் பெயரும் ஏத், இந்த வம்சத்தில் பெயர்ப் பஞ்சம்). ரோரியின் வாரிசுகளில் அரசாண்ட கடைசி ஆள் இவன் என்று குறித்துவிட்டு ஆண்டுக்குறிப்பு ஒரு கதை சொல்கிறது. ரோரிக்கும் அவன் வம்சத்துக்கும் நிரந்தரமாக அயர்லாந்தைத் தருவதாகப் போப்பாண்டவர் சொன்னாராம். ஆறு மனைவிகள் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பெண் சகவாசத்தை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. ரோரி மறுத்தான். கடவுள் அரசை அவன் வம்சத்திடமிருந்து பிடுங்கிவிட்டார். செங்கை காஹலைப் பற்றிய 1224 குறிப்போ, அவன் ஒரே மனைவியோடு இருந்தான், அவள் செத்த பிறகு பிரம்மச்சரியம் காத்தான் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பிரதியின் வேலை பளிச்சென்று தெரிகிறது. ஜெயித்த கிளை கற்புள்ளது, தோற்ற கிளை காமத்தால் கெட்டது. கோடாரி முடித்துவைத்த விஷயத்தைக் கடவுளின் தீர்ப்பாக மாற்றுகிறது எழுத்து. டர்லாவின் ஆறு மனைவிகள் பற்றி அதற்குக் கவலையில்லை, ஏனென்றால் காஹலும் டர்லாவின் மகன்தான்.

1235ல் டி பர்க் தன் பட்டயத்தோடு வந்து மாகாணத்தைப் பிடித்தான். ஓ கானர்களுக்கு ஐந்து வட்டங்கள், அதுவும் ஆங்கில மன்னனுக்குக் குத்தகை கட்டி. நிலம் சுருங்கச் சுருங்கப் போட்டி கூடியது. 1274 மே மாதம் ஃபெலிமின் மகன் ஏத் இறந்தான். அடுத்தவனை மூன்றே மாதத்தில் சொந்தக்காரர்களே ராஸ்காமன் மடத்துக் கோயிலில் வைத்துக் கொன்றார்கள். அவனுக்கு அடுத்தவன் இரண்டு வாரம் ஆண்டான். அவனுடைய தகப்பனின் பட்டப்பெயர் குருட்டு காஹல்.

1310ல் ராஸ்காமனில் கார்ன்ஃப்ரீ மேட்டில் இன்னொரு ஃபெலிமுக்குப் பட்டமேற்பு நடந்தது. நடத்தியவன் வளர்ப்புத் தந்தையான மாக் டெர்மட். ஃபெலிம் அன்று கொனாக்ட் மாகாணத்தையே மணந்தான் என்று ஆண்டுக்குறிப்பு மெய்சிலிர்க்கிறது. நிலம் மணப்பெண்ணாகிறது. ஆனால் நிஜப் பெண் எவளும் அந்த மேட்டில் ஏறி அரசாக முடியாது. பையனுக்குப் பதினேழு வயது போல. தேர்ந்தெடுத்தது ஜனங்களல்ல, மாக் டெர்மட். 1316 ஆகஸ்டில் அதென்ரி போர்க்களத்தில் ஃபெலிம் விழுந்தான். இதையெல்லாம் நமக்குச் சொல்கிற லஹ் கே ஆண்டுக்குறிப்புகள் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எவன் செலவில் படியெடுக்கப்பட்டன தெரியுமா? ப்ரையன் மாக் டெர்மட்.

1384ல் வம்சம் டான், ரூ என்று இரண்டாகப் பிரிந்தது. 1585ல் ஆங்கில நிர்வாகம் கொனாக்ட் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டது. பழைய பட்டங்களும் தேர்வும் ஒழியும், பதிலுக்கு நிலம் ஆங்கிலச் சட்டப்படி மகனுக்குப் போகும். ஓ கானர் டானும் அதில் ஒரு தரப்பு. செங்கை காஹல் கேட்டது அவன் வழிவந்தவனுக்குக் கிடைத்துவிட்டது. அரசுக்குச் சேர வேண்டிய வாடகை, 120 ஏக்கர் கொண்ட ஒவ்வொரு துண்டுக்கும் பத்து ஷில்லிங். அதுவரை மாடாகவும் வெண்ணெயாகவும் தலைவனுக்கு அளந்தவர்கள் இனி அதைக் காசாகக் கட்ட வேண்டும்.