வடாலாவில் பெய்யும் மழையைக் குடிக்க மண் எங்கே?

மழை வலுத்தால் வடாலா, மாட்டுங்கா தெருக்களில் தண்ணீர் ஏன் தேங்குது? கணக்கு எளிது. மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் பதிவானது 944 மி.மீ. அதாவது, 24 மணி நேரச் சராசரியே மணிக்கு 39 மி.மீ. கடல் ஏற்றமும் சேர்ந்தால் வடிகால் கைவிரித்துவிடும்.

மீதியில் ஒரு பங்கை மண் தாங்கும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். திறந்த மண் அதை உறிஞ்சும். பிறகு அந்த ஈரம் ஆவியாகி வெயில் சூட்டையும் தணிக்கும். சிமென்ட் போட்டால் இரண்டும் போச்சு. வண்டி ஏறி இறுகிய மண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

என்ன செய்யலாம்? மரத்தைச் சுற்றி 1 மீட்டராவது காங்கிரீட் இல்லாமல் விடணும். இறுகிய மண்ணைக் கிளறி, மக்கிய இலை உரம் சேர்க்கணும். 2005 மாதிரி மழையை இது மட்டும் சமாளிக்காது. ஆனா, சாதாரண மழையில் வடிகாலின் சுமை குறையும். உங்க சொசைட்டி வளாகம் முழுக்க டைல்ஸ் போடலாம்னு தீர்மானம் வந்தா, கை தூக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.