ஒட்டுத் தெரியாத வானம்

டார்க் ரூமில் பிரிண்ட் போட்டுப் பழகிய கை என்னுடையது. ஒரு கல்யாணப் பந்தி முழுவதையும் நீளப் படமாகக் கேட்டார்கள். இரண்டு பிரிண்ட் போட்டு வெட்டி ஒட்டினேன். ஆட்கள் கச்சிதமாகப் பொருந்தினார்கள். பின்னால் இருந்த சுவர் பொருந்தவில்லை, இடப்பக்கம் கொஞ்சம் கறுப்பு. "சுவரை எவன்டா பாக்கப் போறான்?" என்றார் முதலாளி. கல்யாண வீட்டார் முதலில் பார்த்ததே அதைத்தான்.

ஓய்வுக்குப் பிறகு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டத் தொடங்கினேன். அதே சுவர், அங்கேயும்.

இது கண்ணாடித் தகடு காலத்துத் தொல்லை. 1949 முதல் 1958 வரை கலிபோர்னியாவின் பலோமர் மலையில் 14 அங்குலத் தகடுகளில் வானத்தைப் படமெடுத்தார்கள். தகட்டுக்குத் தகடு கழுவிய பக்குவம் வேறு, அந்தந்த இரவின் வானமும் வேறு. பிற்பாடு அவற்றைக் கணினியில் ஏற்றிச் சேர்த்தபோது சதுரம் சதுரமாக விளிம்பு தெரிந்தது.

விண்வெளிக்குப் போனால் தொல்லை விடும் என்று நினைப்போம். விடவில்லை. சூரியனைச் சுற்றியுள்ள தூசி வெயிலைச் சிதறடிக்கிறது. பார்க்கும் நாளும் திசையும் மாறினால் அந்த மங்கல் ஒளியும் மாறும். ஒரே படத்துக்குள்ளேயே ஒட்டும் உண்டு: 1993-இல் ஹபிளில் பொருத்திய கேமராவில் நான்கு சில்லுகள். 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தின் மூலை படிக்கட்டாக வெட்டுப்பட்டிருப்பது அதனால்தான்: ஒரு சில்லு மட்டும் வானத்தின் சிறு பகுதியை நுணுக்கமாக எடுத்தது; மற்றவற்றோடு ஒட்டினால் அது மூலையை நிரப்பாது.

2000-களின் தொடக்கத்தில் கால்டெக் பல்கலைக்கழகமும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகமும் உருவாக்கிய 'மான்டாஜ்' மென்பொருளின் வழி எனக்குப் பிடித்தது. இரண்டு படங்களும் மேற்பொருந்தும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். இரண்டிலும் இருக்கும் நட்சத்திரங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும். மிஞ்சுவது பின்னணியின் ஏற்றத்தாழ்வு. அதற்குச் சாய்வான பலகைபோல் ஒரு தளத்தைப் பொருத்துவார்கள். ஆனால் முதல் படத்தை இரண்டாவதோடு சரிசெய்தால் மூன்றாவதோடு இடிக்கும். அதனால் எல்லா ஜோடிகளையும் ஒன்றாக வைத்து, வித்தியாசம் குறையும்வரை திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். கொத்தனார் தண்ணீர்க் குழாயை வைத்து மூலைக்கு மூலை மட்டம் பிடிப்பாரே, அதே வேலை. அந்தக் குழாய் மூலைகளைச் சமமாக்கும். தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. ஹபிள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகளின் மென்பொருள்களில் 'ஸ்கைமேட்ச்' என்ற படியிலும் மேற்பொருந்தும் இடத்தை வைத்து மட்டம் பிடிக்கும் முறை உண்டு.

2015-இல் வெளியான ஹபிளின் ஆண்ட்ரோமெடா படத்துக்கு 7,398 எக்ஸ்போஷர்கள், 411 இடங்கள். இத்தனைக்கும் கண்ணால் மட்டம் பிடிக்க முடியுமா!

நான் முதலில் செய்த தப்பு, ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே 'வானத்தை' அளந்து கழித்தது. படம் முழுக்க நெபுலா என்ற வாயு மேகம் நிறைந்திருந்தால் வெற்று வானம் ஏது? நெபுலாவின் மெல்லிய ஒளியையே வானம் என்று கழித்துத் தள்ளினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மேற்பொருந்தும் இடங்களைச் சமமாக்குங்கள். வானத்தைக் கழிப்பதைக் கடைசியில், முழுப் படத்துக்கும் ஒரே தடவையாக வைத்துக்கொள்ளுங்கள்.