மணலில் எழுதிய பிள்ளைகள்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது எங்கள் ஆலங்குளம் தெருவில் ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பு. வீட்டில் ஒரே செல்போன். அதுவும் அப்பாவோடு விடியலிலேயே ராஜபாளையம் மில்லுக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்திருந்தது. பாடங்கள் நல்ல பாடங்கள்தான். ஆனால் "புரியலை சார்" என்றால் டிவிக்குக் கேட்காதே! 2021 நவம்பர் 1-ல் பள்ளி திறந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு, வகுத்தல் தெரியாது.

அப்போதுதான் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு ஆண்ட்ரூ பெல் ஞாபகம் வந்தது. 1789-ல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை ஏற்றவர். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய பையன்களை விட்டுச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன? 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

அந்தச் சிறுமி இப்போது தன் தம்பிக்கு அதே திண்ணையில் வகுத்தல் சொல்லிக்கொடுக்கிறாள். நேற்று ஒரு கணக்கில் மீதி தப்பு. நான் வாயைத் திறக்கவில்லை, தம்பியே கண்டுபிடித்துவிட்டான்.