வெள்ளித்திரைக் குதிரைகளும் அம்பாங் சாலை மண்ணும்



அண்மையில் எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். கோல சிலாங்கூரிலிருந்து புறப்பட்ட பேருந்து ஈஜோக்கைத் தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். இரட்டைக் கோபுரத்தைக் கண்டதும்தான் உறக்கம் கலைந்தது. கோபுரத்தின் பின்னுள்ள பூங்காவில் அவர்களை அமர்த்தி, "நாம் அமர்ந்திருக்கும் இந்த மண்ணில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் குதிரைகள் ஓடின" என்றேன். மாணவர்களுக்கு வியப்பு. அவர்களுள் ஒருவன் கையை உயர்த்தி, "அந்தக் குதிரைக்கெல்லாம் யாரு ஐயா தீனி போட்டாங்க?" என்று கேட்டான்.

எந்தக் குதிரை வென்றது, பரிசு எவ்வளவு என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. தீனி போட்டவர் யார் என்று கேட்டான். அக்கேள்வியே இப்பதிவுக்குக் காரணம்.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சிறிது. சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றம் 1896-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. அம்பாங் சாலையில் அதன் திடல் இருந்தது. தோட்டத் துரைமார்களும் ஈயச் சுரங்க முதலாளிகளும் அரசாங்க அதிகாரிகளும் கூடிய இடம் அது. 1990-களின் தொடக்கத்தில் மன்றம் சுங்கை பீசிக்கு இடம் பெயர்ந்தது. பழைய திடலில் 1993-இல் இரட்டைக் கோபுரத்துக்கு அடித்தளப் பணி தொடங்கியது.

என் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள் எவரும் அத்திடலுக்குள் கால் வைத்ததில்லை. குதிரைப் பந்தயம் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் வந்த பழைய ஆங்கிலப் படங்களே. எங்கள் லயத்தில் இரண்டு வீடுகளில்தான் பெட்டி இருந்தது. வாசலில் பாய் விரித்து, மொழி புரியாமலே பார்த்தோம். குதிரை ஓடும்பொழுது மொழி எதற்கு?

அவ்வாறு பார்த்தவற்றுள் என் நெஞ்சில் நின்றது 1944-இல் வெளிவந்த 'நேஷனல் வெல்வெட்'. எனிட் பேக்னால்டு 1935-இல் எழுதிய நாவலைத் தழுவி, கிளாரன்ஸ் பிரௌன் இயக்கியது. எலிசபெத் டெய்லருக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த வெல்வெட், குலுக்கல் சீட்டு ஒன்றில் முரட்டுக் குதிரையைப் பரிசாகப் பெறுகிறாள். அதனைப் பழக்கி, கிராண்ட் நேஷனல் என்னும் பெரும் பந்தயத்துக்குக் கொண்டு செல்கிறாள். பெண்கள் ஓட்டக்கூடாது என்பது அக்கால விதி. முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆணுடையில் ஓட்டி முதலாவதாக வருகிறாள். உண்மை வெளிப்பட்டதும் வெற்றி பறிக்கப்படுகிறது. ஆங்கில நாட்டுக் கதையாயினும் படம் பிடிக்கப்பட்டது கலிபோர்னியாவில்.

இப்படத்தில் என்னைக் கவர்ந்தவர் வெல்வெட்டின் தாய். இளமையில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர் அவர். அதற்குக் கிடைத்த பொற்காசுகளைப் பல்லாண்டுகள் செலவழிக்காமல் வைத்திருந்து, மகளின் பந்தயக் கட்டணத்துக்காக எடுத்துக் கொடுக்கிறார். அப்பாத்திரத்தில் நடித்த ஆன் ரெவியருக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. உண்மை வாழ்வு திரைப்படத்தை எட்டிப் பிடிக்க நெடுங்காலமாயிற்று. கிராண்ட் நேஷனலில் முதன்முதலாகக் குதிரையோட்டிய பெண் சார்லட் புரூ, ஆண்டு 1977. வென்ற முதற்பெண் ரேச்சல் பிளாக்மோர், ஆண்டு 2021. வெல்வெட் திரையில் ஓடி எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஹாலிவுட் ஏன் அக்காலத்தில் இத்தனை குதிரைப் படங்களை எடுத்தது என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. 1929-இல் தொடங்கிய பெரும் மந்தத்தால் அமெரிக்க மாநில அரசுகள் வருவாயின்றித் தவித்தன. கலிபோர்னியா 1933-இல் பந்தயப் பணயத்தைச் சட்டப்படி அனுமதித்தது, வரி கிடைக்குமே! 1934 கிறிஸ்துமஸ் நாளில் சாந்தா அனித்தா பந்தயத் திடல் திறக்கப்பட்டது. 1937-இல் டெல் மார் திடல் திறக்கப்பட்டபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக நின்றவர் பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி. 1938-இல் ஹாலிவுட் பார்க். அதன் பின்னணியில் வார்னர் சகோதரர்களுள் ஒருவரான ஜேக் வார்னர் இருந்தார். எம்.ஜி.எம். நிறுவனத்தின் லூயி பி. மேயரோ பெரும் குதிரைப் பண்ணையே வைத்திருந்தார். ஆகப் படம் எடுத்தவர்களே குதிரை முதலாளிகள். தங்கள் தொழிலைத் தாங்களே குறைத்துக் காட்டுவார்களா?

அந்த வரிசையில் 1937-இல் வந்த 'எ டே அட் த ரேசஸ்' வேறு வகை. மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படம். அதில் ஒரு காட்சி உண்டு. குரௌச்சோ ஒரு குதிரையின்மேல் பணம் கட்ட வருகிறார். ஐஸ்கிரீம் வண்டி தள்ளிவரும் சிக்கோ அவரைத் தடுத்து, வெல்லப் போகும் குதிரையின் பெயர் உள்ள குறிப்புத்தாளை விற்கிறார். அது மறைமொழியில் உள்ளது. அதனைப் புரிந்துகொள்ள இன்னொரு நூல் வேண்டும். அந்நூலை விளக்க மற்றொரு நூல். அதற்கு மேலும் ஒன்று. கை நிறையப் புத்தகங்களோடு குரௌச்சோ நிற்கையில் பந்தயம் முடிந்துவிடுகிறது. அவர் முதலில் கட்ட நினைத்த குதிரையே வென்றிருக்கிறது.

சிறுவயதில் இக்காட்சியைப் பார்த்துச் சிரித்தவர்களுள் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் சிரித்ததுதான் இன்றும் எனக்கு வியப்பு. ஏனெனில் அவர் வீட்டு அலமாரியிலும் அத்தகைய நூல் ஒன்று இருந்தது. கனவில் பாம்பு வந்தால் எந்த எண், யானை வந்தால் எந்த எண் என்று படத்தோடு அச்சிட்ட தோப்பேகோங் புத்தகம். மலேசியத் தமிழருக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. நாலு நம்பர் ஆட்டம் குதிரைப் பந்தயத்தோடு ஒட்டி வளர்ந்த பிள்ளையே. சிங்கப்பூரில் அதனை 1966-இல் நடத்தத் தொடங்கியது அங்குள்ள குதிரைப் பந்தய மன்றம்தான். நம் நாட்டில் 1969-இல் மேக்னம் நிறுவனம் உரிமம் பெற்றது. குதிரையைக் கண்ணால் காணாத தோட்டத்திற்குள்ளும் எண் வடிவில் பந்தயம் நுழைந்தது. சம்பள நாள் மாலையில் சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்திற்குப் புறப்படுவார். சித்தி வாசற்படியில் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய தோடு அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை. திரையில் காட்டப்படும் பந்தயத்தில் கதாநாயகன் கடைசிக் காசைக் கட்டுவான், குதிரை வெல்லும், கடன் தீரும். தோற்றவன் வீட்டு வாசற்படியைக் காட்டிய படம் மிகக் குறைவு.

அக்குறையை ஓரளவு தீர்த்தது 1956-இல் ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய 'த கில்லிங்'. பந்தயத் திடலின் பணப்பெட்டியைக் கொள்ளையடிக்கும் கதை. திட்டம் பலித்தும் பணம் தங்குவதில்லை. விமான நிலையத்தில் பெட்டி திறந்துகொள்ள நோட்டுகள் காற்றில் பறக்கின்றன. அதில் குதிரை ஓர் அழகுப் பொருளன்று. கூட்டத்தின் கவனத்தைத் திருப்புவதற்காகச் சுடப்படும் உயிர்.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 1949-இல் 'த ஸ்டோரி ஆஃப் சீபிஸ்கெட்' என்னும் படம் வந்தது. சீபிஸ்கெட் உண்மைக் குதிரை. 1936-இல் சார்ல்ஸ் ஹோவர்டு அதனை 8,000 டாலருக்கு வாங்கினார். டாம் ஸ்மித் என்னும் வாய் திறவாத பயிற்சியாளர் அதனைத் தேற்றினார். முதன்மை ஓட்டுநர் ரெட் பொல்லார்டு. ஒரு கண் பார்வையற்றவர், அதனை வெளியில் சொன்னால் தொழில் போய்விடும் என்று மறைத்து வாழ்ந்தவர். 1938 நவம்பர் 1-ஆம் நாள் பிம்லிகோ திடலில் வார் அட்மிரல் என்னும் புகழ்பெற்ற குதிரையைச் சீபிஸ்கெட் வென்றது. காயமுற்றிருந்த பொல்லார்டுக்குப் பதிலாக அன்று ஓட்டியவர் ஜார்ஜ் உல்ஃப். வானொலியில் கேட்டவர் நான்கு கோடிப் பேர் என்பர். 1940-இல் பொல்லார்டே ஏறி அமர்ந்து சாந்தா அனித்தா ஹேண்டிகேப் பந்தயத்தை வென்றார்.

இத்தனை கதை கையில் இருக்க, 1949-ஆம் ஆண்டுப் படம் என்ன செய்தது? ஸ்மித்தையும் பொல்லார்டையும் நீக்கிவிட்டுக் கற்பனையான அயர்லாந்துப் பயிற்சியாளர் ஒருவரையும், ஷெர்லி டெம்பிளோடு காதல் செய்ய ஓர் இளம் ஓட்டுநரையும் வைத்தது. வண்ணப் படத்தின் நடுவே கறுப்பு வெள்ளையில் உண்மைப் பந்தயக் காட்சி வந்து போகும். அப்பகுதி மட்டுமே வரலாறு என்பது என் கருத்து. மற்ற இருவரும் திரையில் தம் சொந்தப் பெயரோடு தோன்ற 2003-ஆம் ஆண்டுப் படம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் லாரா ஹில்லன்பிராண்டு 2001-இல் எழுதிய நூலே காரணம்.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. கென்டக்கி டெர்பி 1875-இல் முதன்முதலாக நடந்தபொழுது ஓடிய 15 குதிரைகளுள் 13-ஐ ஓட்டியவர்கள் கறுப்பின மக்கள். வென்ற ஆலிவர் லூயிசும் அவர்களுள் ஒருவரே. முதல் 28 டெர்பிகளுள் 15-ஐக் கறுப்பின ஓட்டுநர்கள் வென்றனர். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என மும்முறை வென்றார். ஜிம்மி விங்க்பீல்டு 1901, 1902 ஆகிய ஈராண்டுகளிலும் வென்றார். அடிமைகளாய் இருந்தபொழுதே குதிரை வளர்ப்பைக் கற்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நிறவெறி முற்றியபின் அவர்கள் திடலிலிருந்து விரட்டப்பட்டனர். விங்க்பீல்டு ரஷ்யாவுக்குச் சென்று புகழ் பெற்றார். அங்குப் புரட்சி வெடித்தபின் ஒடெசாவிலிருந்து குதிரைக் கூட்டத்தோடு போலந்துக்குத் தப்பினார். திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆயினும் நான் பார்த்த அக்காலப் படங்கள் எதிலும் கறுப்பின ஓட்டுநர் கதாநாயகனாக வரக் கண்டதில்லை. மேலே சொன்ன மார்க்ஸ் சகோதரர் படத்தில் அவர்கள் லாயத்தருகே குடியிருப்பவர்களாக வந்து, பாடி ஆடி மறைகின்றனர். ஆட்டம் அற்புதம். அவ்வளவே.

லாயம் என்றதும் ஓர் இடைக்குறிப்பு. குதிரை கட்டுமிடம் லாயம். தோட்டத்தில் நாம் வாழ்ந்தது லயம். பின்னது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் சொற்பிறப்பில் உறவில்லை. ஆனால் வரலாற்றில் மனிதர்களை உண்மையாகவே லாயத்தில் குடிவைத்ததுண்டு. 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளி மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியபொழுது, சாந்தா அனித்தா திடலில் 18,000-க்கும் மேற்பட்டோரை அடைத்தது. பலர் குதிரைக் கொட்டில்களிலேயே உறங்கினர். சீபிஸ்கெட் வென்று ஈராண்டே ஆகியிருந்த அதே திடல்.

அதே 1942-இல், பிப்ரவரி 17-ஆம் நாள், சிங்கப்பூரின் பழைய குதிரைப் பந்தயத் திடலான ஃபேரர் பார்க்கில் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்குதான் கேப்டன் மோகன் சிங் அவர்களை நோக்கி உரையாற்றினார். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அது. பின்னர் 1943-இல் நேதாஜி வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் அப்படையில் சேர்ந்தனர். பந்தயத் திடல்கள் நகரின் மிகப் பெரிய வெட்டவெளிகளாக இருந்தமையால் போர்க்காலத்தில் மனிதர்களைத் திரட்டவும் அடைக்கவும் அவையே வாய்த்தன.

குதிரைக்குத் தீனி போட்டவர்களை மலாயாவில் 'சைஸ்' என்பார்கள். அரபு மூலச் சொல். ஜாவாக் கடலின் பாவியான் தீவிலிருந்து வந்தவர்களும் இந்தியர்களும் இவ்வேலையைப் பெரிதும் செய்தனர். விடியுமுன் எழுந்து, சாணம் அள்ளி, புல் வைத்து, குளிப்பாட்டி, நடத்திச் செல்லும் வேலை. பால்வெட்டுக்குப் பெரட்டு நிற்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. வென்ற குதிரையோடு முதலாளி நிற்கும் நிழற்படங்களில் கடிவாளத்தைப் பிடித்தபடி ஓரத்தில் ஒருவர் இருப்பார். படத்தின் கீழே குதிரையின் பெயர் இருக்கும். முதலாளியின் பெயர் இருக்கும். அவர் பெயர் பெரும்பாலும் இராது.

இப்பொழுது திடல்களே மறைந்து வருகின்றன. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் மன்றம் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. 1864-இல் தோன்றிய பினாங்கு மன்றத்தின் கடைசிப் பந்தயம் 2025 மே மாதம் 31-இல் முடிந்தது. தமிழ்நாட்டில் 1974-இலேயே பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2024 செப்டம்பரில் மாநில அரசு கிண்டித் திடலின் குத்தகையை நீக்கி 160 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. 1945-இல் 99 ஆண்டுகளுக்கு விடப்பட்ட குத்தகை. ஆண்டு வாடகை அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்தான்!

அன்று பூங்காவில் மாணவனுக்கு, "நம்மைப் போன்றவர்களும் இருந்திருப்பார்கள்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. "அவங்க பேரு என்ன ஐயா?" என்று அவன் விடாமல் கேட்டான். வாசகர்களுள் எவருடைய பாட்டனாரேனும் அம்பாங் சாலையிலோ ஈப்போவிலோ பினாங்கிலோ சைஸ் வேலை பார்த்திருந்தால், குடும்பத்தாரின் இசைவோடு எனக்கு எழுதுங்கள். பழைய நிழற்படம் இருந்தால் இன்னும் நலம். அடுத்த தவணை தொடங்குமுன் அவனுக்கு ஒரு பெயரையாவது சொல்ல வேண்டும்.