கம்பியின் குரலைப் பிடித்த காந்தம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் என் நினைவுக்கு வந்தது அந்தக் கல்லூரி நாள் விழாதான். மரக்காணத்து நண்பன் மின் கிட்டாரோடு மேடையில் நின்றான். இரண்டாவது பாட்டின் நடுவே கிட்டார் ஊமையாகிவிட்டது. "டேய், இறங்குடா!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு அவன் கிட்டாரைத் தொடவே இல்லை.

சென்ற மாசியில் அவன் வீட்டுத் திண்ணையில் நாங்கள் நாலு பேர் ஒரு கிட்டார் 'கிட்'டைப் பிரித்தோம். பாகம் பாகமாக வரும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எதிரே உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசியது. கழுத்தைப் பூட்டுவது தச்சு வேலை, பெரிய விஷயமில்லை. 'பிக்கப்' பொருத்தும்போதுதான் அன்று நடந்தது என்ன என்று ஓரளவு புரிந்தது. அதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

காந்தப் புலம் மாறினால் பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். சரியாக நூறாண்டு கழித்து, 1931-இல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் பீச்சம் அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். ஊதுகருவிகளின் முழக்கத்தில் கிட்டார் யார் காதிலும் விழாத காலம் அது. அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிக்கு, உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பட்டப்பெயர் விழுந்தது! காப்புரிமை கிடைத்தது 1937-இல்.

சங்கதி எளிமையானது. காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம். பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. இரும்பின் அசைவைத்தான் அறியும்.

நம் கடற்கரைக்கும் இதில் ஓர் ஒட்டு உண்டு. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனின் வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அதை மரக்காணம் என்று அடையாளம் சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்தப் பாணன் கையிலிருந்த சீறியாழில் கட்டியது நரம்பு. அதன் கீழே எவ்வளவு உயர்ந்த பிக்கப் வைத்தாலும் சத்தம் வராது! எஃகுக் கம்பி வந்த பிறகே இந்த வழி திறந்தது.

அந்த வழியில் போய்க் கர்நாடக இசைக்கே புதுக் குரல் தந்தவர் மாண்டலின் சீனிவாஸ். 1981-இல் சென்னை மேடையேறியபோது அவருக்கு வயது 12. சாதாரண மாண்டலினில் ஸ்வரம் சட்டென்று அடங்கிவிடும்; கமகம் நிற்காது. அவர் ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். பிக்கப் தாங்கிக் கொடுத்த நீண்ட நாதத்தில் கமகம் குழைந்தது. 2014-இல் அவர் மறைந்துவிட்டாலும் அந்த நாதம் காதில் இருக்கிறது.

திண்ணைக்கு வருவோம். முதலில் மீட்டர் வைத்துச் சுருளைச் சோதித்தோம். சுமார் 7 கிலோ ஓம், உயிர் இருக்கிறது. ஸ்க்ரூவில் ஸ்பிரிங் மாட்டிக் குழியில் இறக்கினோம். கடைசிக் கட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, இடைவெளி 2 மி.மீ. அளவு வைத்தோம். ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதி அலையும். தள்ளினால் குரல் மெலியும். அடுத்து ஒயர்களைப் பற்றவைக்கும் வேலை. ஜாக்கில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்றது, உருண்டு உருண்டு விழுந்தது. கார்த்திகையில் வந்த பெட்டி. மூன்று மாத உப்புக் காற்றில் அதன் கால்களில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஈயம் பிடித்தது.

நண்பன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும், இல்லடா?" என்றான். பரணிலிருந்து அவனுடைய பழைய கிட்டாரை இறக்கினோம். ஜாக்கில் அதே பச்சை. இத்தனை வருஷப் பச்சையில் அன்றையது எவ்வளவு என்று யார் சொல்வது? ஆனால் மீட்டரில் முள் அசைந்தது. சுருள் இன்னும் உயிரோடிருக்கிறது. அன்று கத்தியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மாணவத் தம்பி தங்கைகளே, மேடையில் ஒருவன் கருவி ஊமையானால், கத்துவதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் அன்று மாலை, அவன் அந்தப் பழைய கிட்டாரோடுதான் மேடையேறுகிறான். அவசியம் வந்து கேளுங்கள்.