தோல் வணிகத்தில் கலப்பு அளவைகள்: இராணிப்பேட்டை வட்டாரம்

இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் மெட்ரிக் அளவைகளும் பிரிட்டிஷ் அளவைகளும் ஒரே பொருளின் மீது சேர்ந்து வழங்குகின்றன. பதனிட்ட தோலின் பரப்பைச் சதுர அடியிலும், கனத்தை மில்லிமீட்டரிலும் சொல்வது இங்குள்ள வழக்கம்.

பின்னணி

இந்திய அரசு எடை, அளவைத் தரச் சட்டத்தை 1956-இல் இயற்றியது. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு புதிய பைசா கொண்ட ரூபாய் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புகுந்தன. அதற்கு முன் பலம், வீசை, மணங்கு. 40 பலம் ஒரு வீசை (ஏறத்தாழ 1.4 கிலோ), 8 வீசை ஒரு மணங்கு. நான் பள்ளியில் கிலோவில் கணக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பாட்டி புளியை வீசையில்தான் கேட்பார். பின்னர் வீசை மறைந்தது, அடி மறையவில்லை. கடைக்காரரின் எடைக்கல்லை அரசால் மாற்ற முடிந்தது, தோல் வாங்குபவரோ கடல் கடந்து இருந்தார் என்பதே இதற்குக் காரணம் என எண்ணுகிறேன்.

டேனரிக்குள்

தோலைச் சுழற்றும் மர டிரம்மின் நீள அகலம் அடியில் சொல்லப்படும். அதில் ஊற்றும் நீர் லிட்டர்; போடும் இரசாயனம், தோலின் எடைக்கு இத்தனை விழுக்காடு என்று கிலோவில். காலணி மேல்தோல் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்று கேட்பவரே, விலையைச் சதுர அடிக்குப் பேசுவார்.

தோல் ஒழுங்கான வடிவம் உடையதன்று. நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பயனில்லை. ஆகவே முள் சக்கரங்கள் வரிசையாகப் பொருத்திய எந்திரத்தில் தோலைச் செலுத்துவார்கள்; சக்கரங்கள் உருண்ட அளவெல்லாம் கூடி முள்காட்டியில் பரப்பாகத் தெரியும். இப்போது மின்னணு எந்திரங்கள் அதைச் செய்கின்றன. பரப்பு கால் சதுர அடி வரை கணக்கிடப்பட்டுத் தோலின் உட்புறத்தில் குறிக்கப்படும். முழு எண்ணின் தலைமேல் எழுதும் சிற்றெண் எத்தனை கால் என்பதைக் காட்டும். பள்ளியில் 12² என்றால் 144. தோல் கிடங்கில் அது பன்னிரண்டரை. டேனரித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுக்குக்குறி நடத்தும் ஆசிரியர் இதை அறிந்திருத்தல் நலம்.

ஒரு சதுர அடி 0.092903 சதுர மீட்டர். இதை 0.093 என்று சுருக்கினால் 10,000 சதுர அடிச் சரக்கில் ஏறத்தாழ 10 சதுர அடி, அதாவது இரண்டு ஆட்டுத்தோல் அளவு, ஏட்டில் கூடிவிடும். மீட்டரில் வாங்கும் ஐரோப்பியருக்குப் பட்டியல் எழுதும்போது இந்தப் பின்னம் பணமாகிறது.

காலணி

பிரிட்டிஷ் காலணி எண் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், 8.47 மில்லிமீட்டர். ஐரோப்பிய எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், 6.67 மில்லிமீட்டர். இரண்டின் படிகளும் ஒத்துப்போகா. 8-க்கு 42 என்பது தோராயமே. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடெங்கும் கால் அளவெடுத்து, இந்தியருக்கென ‘பா’ என்ற அளவுமுறையை முன்வைத்துள்ளது.

நிலம்

டேனரிக்கு வெளியே இக்கலப்பு அதிகம் இடர் தருவது நிலத்தில்தான். பட்டாவில் ஹெக்டேர், ஏர். பேச்சில் ஏக்கர், சென்ட். மனைக்குச் சதுர அடி. ஒரு ஏர் 2.47 சென்ட். என் பழைய மாணவர் ஒருவர் பட்டாவில் 0-10.50 என்றிருந்ததைப் பத்தரை சென்ட் என்று கொண்டு விலை பேசி முடிக்கவிருந்தார். தாளைப் பார்த்துப் பெருக்கிச் சொன்னேன்: கிட்டத்தட்ட 26 சென்ட். முன்பணம் வாங்காமல் அன்றே திரும்பி வந்தார்.